ஸ்டுவார்ட் 10வி வார்ப்புத் தொகுதி: வன்னியில் இருந்து கட்டுபவருக்கு

ஸ்டுவார்ட் 10வி என்பது மேசையில் வைத்து ஓட்டும் ஒரு மாதிரி நீராவி எஞ்சின். ஓரிடத்தில் நின்று வேலை செய்யும் வகை. வண்டியும் அல்ல, படகும் அல்ல. ஒற்றைச் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும், பிஸ்ரனை நீராவி இரு பக்கமும் மாறிமாறித் தள்ளும், சறுக்கு வால்வு அதை ஆளும். சிலிண்டரின் உள்விட்டம் 3/4 அங்குலம், பிஸ்ரன் ஓடும் தூரமும் 3/4 அங்குலம். பட்டறை மொழியில் ஆறு நூல் துளை, ஆறு நூல் ஓட்டம். ஃப்ளைவீல் 3 அங்குலம். 1906 இல் தொடங்கிய, இங்கிலாந்தின் ஹென்லி-ஒன்-தேம்ஸைச் சேர்ந்த ஸ்டுவார்ட் டேர்னர் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வரும் மாதிரிகளில், முதல் எஞ்சின் கட்டுவோர் பெரும்பாலும் கை வைப்பது இதில்தான்.

மூன்று விதமாக விற்கிறார்கள்: கடையாத வெறும் வார்ப்புகளாக, கடைந்து முடித்த பாகங்களைப் பூட்டும் தொகுதியாக, பூட்டி ஓட்டத் தயாரான எஞ்சினாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இருந்து வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை முதலாவது, வெறும் வார்ப்பு. லேத் (கடைசல் இயந்திரம்) வேலை தெரியாதவர்கள் கடைந்த தொகுதியைத்தான் எடுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வன்னியில் அந்தக் கணக்கு மாறுகிறது. ஏ9 வீதியோரம் பரந்தனில் இருந்து வவுனியா வரை, உள்ளே புதுக்குடியிருப்பு வரை, தண்ணீர் பம்பின் சாஃப்ட்டுக்குப் புஷ் போடவும் லான்ட்மாஸ்டரின் (இருசில்லு உழவு இயந்திரம்) தேய்ந்த அச்சைக் கடையவும் தெரிந்த கைகள் இருக்கின்றன. வார்ப்பிரும்பும் வெண்கலமும் அவர்களுக்கு அன்றாடப் பொருள். இங்கே கிடைக்காதவை சிறு ஆணிகளும் மரைவெட்டிகளும் நீராவி எண்ணெயும்தான். கடைந்த தொகுதியை வாங்கினால் இங்கே மலிவாகக் கிடைக்கும் உழைப்புக்கு அங்கே விலை கொடுக்கிறோம். அதோடு கப்பல் செலவும் சுங்க வரியும் அந்த உயர்ந்த விலையின்மேலேயே ஏறும்.

பெட்டிக்குள் வருவது வரைபடம், சாம்பல் நிற வார்ப்பிரும்பு வார்ப்புகள் (சிலிண்டர், அது உட்காரும் தாங்குதூண், அடித்தட்டு, ஃப்ளைவீல்), வெண்கலச் சிறு வார்ப்புகள், தண்டுகளுக்கான உருக்கு, ஆணி சுரைகள். வந்தவுடன் வரைபடத்தோடு ஒப்பிட்டு எண்ணிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு வார்ப்பையும் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். மணிபோல் கணீரென்றால் நல்லது. மொட்டைச் சத்தம் வந்தால் வெடிப்பு இருக்கலாம். கடைந்த பிறகு வெடிப்பைக் கண்டால் திருப்பி அனுப்ப வழியில்லை.

மரை விடயத்தை முதலில் தீர்க்கவும்

ஆணிகளெல்லாம் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேசன்) மரை. பெயரால் பிரித்தானிய மரை, ஆனால் வரையறுத்தது மில்லிமீற்றரில். 0 பி.ஏ. 6 மில்லிமீற்றர் விட்டமும், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 1 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்டது. அடுத்த ஒவ்வோர் எண்ணுக்கும் இடைவெளி பத்தில் ஒன்பதாகச் சுருங்கும். 5 பி.ஏ. ஏறக்குறைய 3.2 மில்லிமீற்றர் விட்டம், 0.59 இடைவெளி. 7 பி.ஏ. 2.5 விட்டம், 0.48 இடைவெளி. இந்த மரைவெட்டிகள் வன்னியில் எந்த இரும்புக்கடையிலும் இல்லை. தொகுதியோடு சேர்த்து வாங்கலாம். அல்லது எஞ்சின் முழுவதையும் மெற்றிக்குக்கு மாற்றலாம்: 7 பி.ஏ. வரும் இடத்தில் எம்2.5, 5 பி.ஏ. வரும் இடத்தில் எம்3.

இரண்டில் ஒன்றை முதல் துளை போடுமுன் முடிவு செய்யுங்கள். பாதி எஞ்சின் பி.ஏ., பாதி மெற்றிக் என்று போனால் அழிவுதான். எம்2.5 வெட்டிய துளைக்குள் 7 பி.ஏ. ஆணி இரண்டு சுற்று இலகுவாகப் போகும். விட்டம் ஒன்று, ஆனால் இடைவெளி 0.45க்கு 0.48. மூன்றாவது சுற்றில் இறுகும், நான்காவதில் வார்ப்பிரும்பின் மரை பொடியாகும். சிலிண்டர் மூடியின் ஓரத்தில் அப்படி ஒரு மரை போனால் பெரிதாக்க இடமிருக்காது.

மெற்றிக்குக்கு மாற்றுவதே இங்கே புத்தி. மரைவெட்டி முறிந்தால் கொழும்பில் இருந்து சில நாட்களில் இன்னொன்றை எடுக்கலாம். எம்2.5க்கு 2.05 மில்லிமீற்றர் ட்றில், எம்3க்கு 2.5. வார்ப்பிரும்பில் எம்2.5க்கு 2.1 போட்டாலும் பிடிப்புப் போதும், மரைவெட்டி முறியும் பயமும் குறையும். அடி மூடிய துளையில் தூள் சேர்ந்து இறுகுவதால்தான் பெரும்பாலும் முறிகிறது. அரைச் சுற்றுக்கு ஒரு தடவை பின்னுக்குத் திருப்புங்கள், இடையிடையே முழுதாய் வெளியே எடுத்து ஊதுங்கள்.

வரைபடம் அங்குலப் பின்னங்களில் இருக்கிறது. 1/16 என்றால் 1.59, 1/8 என்றால் 3.18, 3/16 என்றால் 4.76, 1/4 என்றால் 6.35 மில்லிமீற்றர். முழுவதையும் ஒருமுறை மாற்றி எழுதி, அந்தத் தாளைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். மாற்றும்போது ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: துளையை முதலில் செய்து, அதற்குள் போவதைப் பிறகு பொருத்துவது. சிலிண்டர் 19.05 ஆக வர வேண்டும் என்று யாரும் உயிரை விடத் தேவையில்லை. 19.2 ஆக வந்தாலும் பிஸ்ரனை அதற்கு ஏற்பக் கடையலாம். ஒரு முனையில் 19.05, மறு முனையில் 19.12 என்று சாய்வாக வந்தால் அதற்கு எந்தப் பிஸ்ரனும் பொருந்தாது.

பட்டறையில்

பெரிய லேத்தின் பத்து அங்குலச் சக்கில் (பொருளைத் தாடைகளால் பிடித்துச் சுழற்றும் தலை) இந்தச் சிறு வார்ப்பைப் பிடிப்பதுதான் முதல் சிக்கல். அங்குள்ள மூன்று தாடைச் சக்குகள் பல வருடம் பம்ப் சாஃப்ட்டுகளைப் பிடித்துத் தேய்ந்தவை; ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு விலகி ஓடுவது சாதாரணம். பம்புக்கு அது பிழையல்ல, இந்த எஞ்சினுக்குப் பிழை. நாலு தாடைச் சக்கும் டயல் கேஜும் (சுழலும் பொருளின் விலகலை முள்ளால் காட்டும் அளவி) உள்ள பட்டறையாகப் பாருங்கள். கேஜ் இல்லையென்றால் நீங்களே ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். தொகுதியின் விலையோடு பார்த்தால் அது சிறு செலவு. கடைந்த பகுதியை மறுபடி பிடிக்கும்போது தாடையின் தழும்பு விழாமல் இருக்க, குளிர்பான அலுமினியக் கலனை வெட்டிய தகட்டை இடையில் வைக்கலாம்.

போகும் காலமும் முக்கியம். காலபோக விதைப்புக்கு முன்னும் தை மாசி அறுவடையிலும் பட்டறைகளில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வரிசையில் நிற்கும். அந்த நேரம் கைக்குள் அடங்கும் ஒரு சிலிண்டரை நீட்டினால் அவசரத்தில் கடைந்து தருவார்கள். சித்திரை கழிந்த பிறகு, "அண்ணை, அவசரமில்லை, ஆனால் செங்கோணம் பிழைக்கக்கூடாது" என்று சொல்லிப் பக்கத்தில் நின்று செய்விப்பதே சரி.

செங்கோணம் என்ற அந்தச் சொல்லில்தான் 10வி முழுவதும் அடங்கியிருக்கிறது. வால்வும் அதை ஆட்டும் எக்சென்ரிக்கும் (தண்டில் நடு விலகிப் பூட்டிய வட்டு) பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அவற்றைப் பூட்டிய பிறகும் திருத்தலாம். சிலிண்டரின் துளை, கீழ் மூடி, தாங்குதூணின் வழிகாட்டித் துளை (பிஸ்ரன் தண்டின் கீழ்முனையை நேராக ஓடவைப்பது) மூன்றும் ஒரே அச்சில் இல்லையென்றால் பிறகு திருத்த இடமில்லை. வேலையின் ஒழுங்கு இதற்காகவே.

சிலிண்டரை நாலு தாடையில் பிடித்து, வார்ப்பின் உள்துளை நடுவாக ஓடும்படி சரிசெய்து, கீழ் முனையின் முகத்தையும் துளையையும் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். இடையில் சக்கைத் தளர்த்தக்கூடாது. அந்த முனையில் மையக்குத்தியால் ஒரு புள்ளி வையுங்கள். தூணின்மேல் உட்காரப் போவது அதுதான். மற்ற முனையைச் சக்கில் பிடித்துக் கடையாமல், துளைக்குப் பொருந்தும் ஒரு தண்டைக் கடைந்து, அதை லேத்தில் இருந்து கழற்றாமலே சிலிண்டரை அதன்மேல் இறுக்கி முகம் எடுங்கள். அப்படியானால் இரு முகங்களும் துளைக்குச் செங்கோணமாகவே வரும். தூணுக்கும் இதே விதி: வழிகாட்டித் துளையும் மேல்முகமும் ஒரே பிடியில், பாதங்கள் பிறகு தண்டின்மேல்.

வேகம் குறைவாக இருக்கட்டும். சாதாரண அதிவேக உருக்கு அலகால் வார்ப்பிரும்பை நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 மீற்றர் வேகத்தில் வெட்டலாம். சிலிண்டர் துளைக்கு அது நிமிடத்துக்கு 300 சுற்றுக்குச் சற்று மேலே. நீளமான மெல்லிய துளைக்கம்பி அதிருமென்பதால் 200 போதும். 76 மில்லிமீற்றர் ஃப்ளைவீலின் விளிம்புக்கு 80, 85 சுற்று. பட்டறைக்காரர் பழக்கத்தில் 300 இல் தொடங்கினால் அலகின் நுனி சில நொடிகளில் போய்விடும். எண்ணெயும் தண்ணீரும் வேண்டாம், வார்ப்பிரும்பு உலர்ந்தே வெட்டும். அதன் கரித்தூள் லேத்தின் தடத்தைத் தேய்க்கும், ஆகவே ஒரு பழைய துணியைத் தடத்தின்மேல் விரித்துக் கொடுங்கள். அடுத்த முறையும் வரவேற்பு இருக்கும்.

வார்ப்பின் மேற்தோல் பற்றி எந்த வரைபடமும் போதிய அளவு சொல்வதில்லை. மண் அச்சில் வார்த்த இரும்பின் தோலில் மணல் ஒட்டியிருக்கும், மெல்லிய ஓரங்கள் வேகமாக ஆறியதால் இறுகியும் இருக்கலாம். முதல் வெட்டு மேலோட்டமாகப் போனால் அலகு அந்தத் தோலோடு தேய்ந்து அழியும். முதல் வெட்டையே ஒரு மில்லிமீற்றர் ஆழத்தில், தோலுக்கு அடியில் போட வேண்டும். அலகு கீச்சிட்டு, அந்த இடம் கண்ணாடிபோல் மினுங்கினால் அது இறுகிய புள்ளி. அதோடு சண்டை பிடிக்காதீர்கள். வார்ப்பைக் கழற்றி, கரி அடுப்பில் மங்கிய செந்நிறம் வரும்வரை சீராகச் சூடாக்கி, ஒரு வாளி உமிச்சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுவதும் விடுங்கள். உமிச்சாம்பலைப் போலச் சூட்டை மெதுவாக விடுவது வேறில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அரிசி ஆலைகளில் அது குவிந்து கிடக்கிறது. காலையில் அந்த இடத்தை அரம் கடிக்கும்.

ஃப்ளைவீலில் கண்ணுக்குத் தெரியும் பிழை ஒன்று அடிக்கடி நடக்கிறது. வெளிவிளிம்பைக் கடைந்து விடுவோம், உள்விளிம்பும் ஆரங்களும் கடையாமல் வார்ப்பாகவே இருக்கும். வெளிவிளிம்பை வைத்து நடுப்பிடித்தால், ஓடும்போது உள்விளிம்பு ஆடுவது தெரியும், பார்ப்பவருக்கு எஞ்சினே வளைந்ததுபோல் இருக்கும். ஆகவே உள்விளிம்பு ஆடாமல் ஓடும்படி நடுப்பிடித்து, வெளிப்புறத்தை அதற்கு ஏற்பக் கடையுங்கள். துளை, வெளிவிளிம்பு, ஒரு பக்க முகம் மூன்றும் ஒரே பிடியில்.

அடித்தட்டுக்கு லேத் தேவையில்லை. தடித்த கண்ணாடித் துண்டொன்றில் விளக்குக்கரியும் எண்ணெயும் மெல்லிதாகப் பூசி, தட்டை அதில் வைத்து எடுத்து, கறுப்புப் பட்ட மேடுகளை மட்டும் அரத்தால் எடுங்கள். அடிப்பக்கம் முதலில், மேற்பக்கம் பிறகு. பொறுமை தேவை, ஆனால் கைக்கு நல்ல பாடம்.

நீராவி போகும் வழிகள்

சிலிண்டரின் பக்கத்தில் உள்ள வால்வு முகத்தில் மூன்று வாய்கள்: மேலும் கீழும் நீராவி வாய்கள், நடுவில் கழிவு வாய். நீராவி வாய்களில் இருந்து சிலிண்டரின் இரு முனைகளுக்கும் சிறு துளைகள் போட வேண்டும். கையால் பிடிக்கும் மின் ட்றிலில் இதைச் செய்யாதீர்கள். சிலிண்டரைச் சரியான சாய்வில் ஆப்பு வைத்து இறுக்கி, நிற்கும் ட்றில் இயந்திரத்தில் போடுங்கள். ட்றில் சற்றே விலகினால் சிலிண்டருக்குள்ளோ கழிவு வாய்க்குள்ளோ உடைத்துக்கொண்டு போகும். கழிவு வாய்க்குள் போனதை மரை வெட்டிப் பித்தளைத் துண்டால் அடைத்து மீட்கலாம். சிலிண்டரின் நடுப்பகுதிக்குள் போனால் அந்த வார்ப்பு போனதுதான்.

அடுத்தது, பூட்டி முடித்த எஞ்சின், சோதனைக்கு அமுக்கிய காற்றைக் கொடுத்தும் அசையாமல் நிற்பதற்கு நாம் அறிந்த முதற்காரணம். சிலிண்டர் மூடியில் துளைக்குள் சற்று இறங்கும் ஒரு படி உண்டு. அந்தப் படி நீராவித் துளையின் வாயை மூடிவிடும். துளை வெளியே வரும் இடத்தில் சிலிண்டரின் ஓரத்தை அரத்தால் சற்றுச் சரித்து, படி இருந்தாலும் நீராவி பக்கவாட்டில் நுழைய வழி விட வேண்டும். காஸ்கெற் தாளும் அதே இடத்தில் வெட்டப்பட வேண்டும். தடித்த பிரவுண் தாளை எண்ணெயில் ஊறவைத்தால் நல்ல காஸ்கெற். ஆனால் பூட்டுமுன் ஒவ்வொரு வாய்க்குள்ளும் ஒரு குழாயால் ஊதி, காற்று சிலிண்டரின் சரியான முனையில் வருகிறதா என்று பாருங்கள்.

வால்வு முகமும் வால்வின் அடிப்பக்கமும் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடியின்மேல் 600 எமரித்தாள், பிறகு 1000, தண்ணீரோடு எட்டு வடிவில் தேய்த்தால் வரும். கார் வால்வுக்குப் பூசும் அரைக்கும் பசையை இங்கே கொண்டுவராதீர்கள். அதன் மணிகள் வெண்கலத்தில் புதைந்து, எஞ்சின் ஓடும் காலமெல்லாம் வார்ப்பிரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். வால்வைத் தள்ளும் சுரை, வால்வின் பிளவுக்குள் முன்பின்னாகச் சற்றுச் சுதந்திரமாக இருக்க வேண்டும். நீராவியின் அழுத்தமே வால்வை முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. சுரை இறுக்கமாக இருந்தால் அது வால்வைத் தூக்கிப் பிடித்து, நீராவி நேரே கழிவுக்குப் போகும்.

பிஸ்ரனை முதலில் அதன் தண்டில் திருகி இறுக்கி, பிறகு தண்டைப் பிடித்துக் கடைசி வெட்டைப் போடுங்கள். தனியாகக் கடைந்து பிறகு பூட்டினால் அச்சு விலகும். சிலிண்டரை விட 0.03 முதல் 0.05 மில்லிமீற்றர் சிறிதாக இருந்தால் போதும். பள்ளத்தில் கிராஃபைற் நூல் சுற்றலாம், ஓ-றிங் போட விரும்பினால் நைத்ரைல் வேண்டாம், நீராவிச் சூட்டைத் தாங்கும் விற்றோன் வகை எடுங்கள். தண்டு வெளியே வரும் கிளான்ட்டுக்குக் குழாய் வேலைக்கு வாங்கும் ரெஃப்லோன் நாடாவை நூல்போல் முறுக்கிச் சுற்றினால் அருமையாக வேலை செய்யும். விரலால் இறுக்கினால் போதும். சுரையைச் சாவியால் இறுக்குபவர்கள் பிறகு எஞ்சின் கனமாக ஓடுகிறது என்று வேறெங்கோ காரணம் தேடுகிறார்கள்.

வால்வைச் சரிசெய்தலும் முதல் ஓட்டமும்

எக்சென்ரிக் கிராங்குக்கு முன்னால் ஓட வேண்டும், சுழலும் திசையில் 90 பாகையும் அதற்கு மேல் 20 முதல் 30 பாகை வரையும். வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, பிஸ்ரனை உச்சிக்குக் கொண்டு வாருங்கள். மேல் வாய் ஒரு தாளின் தடிப்பு அளவுக்குத் திறந்திருக்க வேண்டும். பிஸ்ரனை அடிக்குக் கொண்டு வந்தால் கீழ் வாயும் அதே அளவு. இரண்டும் வித்தியாசமாக இருந்தால் வித்தியாசத்தில் பாதியைச் சுரையைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இரண்டும் ஒன்றாய், ஆனால் திறக்காமல் இருந்தால் எக்சென்ரிக்கை முன்னுக்குத் தள்ளுங்கள். எக்சென்ரிக்கையும் சுரையையும் ஒரே நேரத்தில் தொட்டால் மாலைவரை சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நீராவிக்கு முன் காற்று. ரயர் ஒட்டும் கடையின் கொம்பிரசர் தாராளமாகப் போதும், அழுத்தத்தைக் குறைக்கும் றெகுலேற்றர் இருந்தால் மட்டும். அந்தத் தொட்டியில் 100 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் அழுத்தம்) மேல் இருக்கும். இந்த எஞ்சினுக்கு 5 முதல் 15 பி.எஸ்.ஐ. வேண்டும். கணக்குப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு சிலிண்டர் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 11 கன சென்ரிமீற்றர் எடுக்கும். நிமிடத்துக்கு 300 சுற்றில் அது 3.3 லீற்றர், 15 பி.எஸ்.ஐ.யில் வெளிக்காற்றாகப் பார்த்தால் 6.6 லீற்றர். மிகச் சிறிய கொம்பிரசரும் தரும்.

நன்றாகக் கட்டிய 10வி 5 பி.எஸ்.ஐ.யில் சுழலத் தொடங்கும். 30 வேண்டியிருந்தால் அழுத்தத்தைக் கூட்டி ஓட்டாதீர்கள், எங்கே இறுகுகிறது என்று தேடுங்கள். கையால் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால் கிராங்க்சாஃப்ட் வளைந்திருக்கலாம், அல்லது பேரிங்குகள் நேர்கோட்டில் இல்லை. மேல் முனையிலும் அடி முனையிலும் இறுகினால் சிலிண்டரும் வழிகாட்டியும் ஒரே அச்சில் இல்லை. தூணுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான ஆணிகளைத் தளர்த்தி, சுற்றிக்கொண்டே மெல்ல இறுக்கிப் பாருங்கள், சிறு விலகலென்றால் அது தன்னிடத்தைத் தானே கண்டுபிடிக்கும். எங்கும் இறுகாமல் காற்று மட்டும் கழிவால் சீறினால் வால்வு முகம். ஒரு பாதிச் சுற்றில் பலமும் மறு பாதியில் சோர்வும் என்றால் வால்வு நடுவில் இல்லை. பிறகு ஒரு மணி நேரம் லேத்தில் 200 சுற்றில், எண்ணெய் விட்டு, கையுறை இல்லாமல் பக்கத்தில் நின்று சுற்ற விடுங்கள். எல்லாம் தம் இடத்தில் அமரும்.

நீராவிக்குப் போகும்போது கொதிகலனைத் தனியாக யோசிக்க வேண்டும், இந்தத் தொகுதியில் அது இல்லை. 2 பார் (ஏறக்குறைய 29 பி.எஸ்.ஐ.) அழுத்தத்தில், 300 சுற்றில், எஞ்சின் நிமிடத்துக்கு 5 முதல் 6 கிராம் நீராவி கேட்கும். குளிர்ந்த சிலிண்டரில் ஒடுங்கும் நட்டத்தையும் சேர்த்து 11 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏறக்குறைய 500 வாற் வெப்பம் தண்ணீருக்குள் போக வேண்டும், அடுப்பு அதன் இரு மடங்கு. ஒரு மணி நேரத்துக்கு 700 மில்லிலீற்றர் தண்ணீர். இதைவிடச் சிறிய கொதிகலன் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி மூச்சு வாங்கும்.

கொதிகலனை ஈயப்பற்றில் செய்யவே கூடாது. 2 பாரில் நீராவி 133 பாகைச் செல்சியசில் இருக்கும், சாதாரண ஈயப்பற்று 183 இல் உருகும். தண்ணீர் வற்றிய சில நொடிகளில் அந்த இடைவெளி காணாமல் போகும். செப்பும் வெள்ளிப் பற்றாசும்தான் வழி. அந்த வேலையை வெண்காரம் வைத்து ஊதத் தெரிந்த நகைத் தொழிலாளர் எந்த மெக்கானிக்கை விடவும் நன்றாகப் புரிந்துகொள்வார். பெரிய ஊதுகுழல் மட்டும் தேவை. முடிந்த கொதிகலனைத் தண்ணீரால் முழுதாக நிரப்பி, காற்றே இல்லாமல், ஓட்டும் அழுத்தத்தின் இரு மடங்கு வரை கைப்பம்பால் ஏற்றிப் பாருங்கள். காற்றால் சோதிக்காதீர்கள்: அமுங்கிய காற்று வெடிக்கும், அமுங்கிய தண்ணீர் கசியும். பாதுகாப்பு வால்வு இல்லாத கொதிகலனை நெருப்பில் வைக்க வேண்டாம்.

வன்னிக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் கொதிகலனிலும் படியும். மாரி மழையில் கூரைத் தண்ணீரை முதல் மழை கழிந்த பிறகு பிடித்து வைத்தால் வருடம் முழுவதுக்கும் போதும். எண்ணெய்தான் சிக்கல். சிலிண்டருக்கு நீராவி எண்ணெய் வேண்டும். சாதாரண எஞ்சின் எண்ணெய் சூட்டுத் தண்ணீரோடு பால்போல் கலந்து கழுவிப்போகும். தடிப்பில் கிட்டியது 140 கியர் எண்ணெய் என்று சிலர் அதை விடுகிறார்கள். அதில் கலந்த கந்தகச் சேர்மங்கள் சூட்டில் வெண்கலத்தைக் கறுப்பாக்கி அரிக்கும். தொகுதியை வரவழைக்கும்போதே நீராவி எண்ணெயும் ஒரு போத்தல் சேர்த்து வரவழையுங்கள். காற்றில் மட்டும் ஓட்டுபவருக்குத் தையல் மிசின் எண்ணெய் போதும்.

நீராவியில் ஓட்டிய பிறகு சூடாக இருக்கும்போதே வடிகால்களைத் திறந்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சில சுற்றுச் சுற்றி வையுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, குறிப்பாக முல்லைத்தீவுக் கரையோரம், கடைந்த வார்ப்பிரும்பு ஓர் இரவில் சிவக்கும்.

எடுக்கலாமா

எடுக்கலாம், கீழ்க்காணும் நிலையில்: நல்ல நாலு தாடைச் சக் உள்ள ஒரு பட்டறை கிட்ட இருக்க வேண்டும், பக்கத்தில் நின்று செய்விக்க உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும். இதே சிலிண்டரோடு படுத்த வடிவில் வரும் 10எச் எடுப்பதா என்று கேட்பவர்களுக்கு: வேலை ஏறக்குறைய ஒன்றுதான், பார்வைக்குப் பிடித்ததை எடுங்கள். 1 அங்குலத் துளை, 2 அங்குல ஓட்டம், 7 அங்குல ஃப்ளைவீல் கொண்ட ஸ்டுவார்ட் விக்ரோரியாவும் பீம் எஞ்சினும் மேசையில் மெதுவாகச் சுற்றும்போது கண் எடுக்க முடியாத அழகு, ஆனால் முதல் எஞ்சினாக வேண்டாம். மரைகள் பெரிதாக இருப்பது வசதிதான், ஆனால் பாகங்கள் கூட, நீராவி கேட்பதும் கூட.

பட்டறை கைக்கெட்டாத தூரத்தில் இருந்தால், அல்லது இவ்வளவு பணத்தை முதல் முயற்சியில் போட மனம் இல்லையென்றால், வார்ப்பே இல்லாத அசையும் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை முதலில் செய்யுங்கள். பித்தளைக் கட்டை ஒன்று, 10 அல்லது 12 மில்லிமீற்றர் துளை, ஒரு தட்டு, ஒரு சில்லு. வால்வும் எக்சென்ரிக்கும் இல்லை. சிலிண்டரே ஆடி நீராவியைத் திறந்து மூடும். துளைக்கும் தட்டின் முகத்துக்கும் செங்கோணம் என்ன செய்கிறது என்பதை அது ஒரு வாரத்தில் கற்றுத் தரும். அது 10 பி.எஸ்.ஐ.யில் ஓடினால் 10வி பெட்டிக்குப் பணம் அனுப்பலாம்.

கட்டி முடித்த எஞ்சினை வெறும் மேசையில் வைக்காமல், தளபாடப் பட்டறையில் முதிரையின் வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, 25 மில்லிமீற்றர் தடிப்பில் சீவி, அதன்மேல் நான்கு ஆணியால் இறுக்குங்கள். பாரமும் நிறமும் அந்த இரும்புக்குப் பொருந்தும், ஓடும்போது எஞ்சின் நகரவும் மாட்டாது.